போயிங் 747-400எஃப்: சரக்கு விமானிக்கு இது எப்படிப்பட்ட பணியிடம்?

இந்த விமானத்தின் காக்பிட்டுக்குப் படிக்கட்டு கிடையாது. முன்கதவு வழியாகச் சரக்கு நிற்கும் மெயின் டெக்குக்குள் வந்து, ஏணியைப் பிடித்து மாடிக்கு ஏற வேண்டும். கைப்பெட்டியை மேலே நிற்பவர் வாங்கிக்கொள்வார். ஏறுவதற்கு முன் அந்த ஏணியின் அடியில் நின்று பின்பக்கம் பார்த்தால், வலை போர்த்திய பாலெட்டுகள் (சரக்கு அடுக்கிய தட்டுகள்) வால் வரைக்கும் வரிசையாக நிற்கும். 747 சரக்கு விமானத்தில் வேலை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்லும் பதில் அங்கிருந்துதான் தொடங்கும். மாடியில் வசதி நன்றாக இருக்கிறது, ஓட்டவும் அருமையான விமானம். ஆனால் அன்றைய பறப்பு நல்லபடியாக முடியுமா என்பது பெரும்பாலும் ஏணிக்குக் கீழே, கதவு மூடுவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது.

முதலில் எந்த 747 என்று தெரிந்துகொள்ள வேண்டும். தொழிற்சாலையிலேயே சரக்குக்காகக் கட்டிய 747-400எஃப், 1993 நவம்பரில் லக்சம்பர்க்கின் கார்கோலக்ஸ் நிறுவனத்திடம் முதலில் சேர்ந்தது. மொத்தம் 126 கட்டினார்கள். கூடுதல் தூரம் பறக்கும் 400இஆர்எஃப் 40. இவை தவிர, பயணிகளை ஏற்றிப் பறந்து ஓய்ந்தபின் சரக்குக்கு மாற்றப்பட்ட பி.சி.எஃப். வகையும் உண்டு. அதற்கு மூக்குக் கதவு கிடையாது. பயணிகள் காலத்து நீண்ட மாடி மட்டும் அப்படியே நிற்கிறது. இரண்டு வகையும் வைத்திருக்கும் நிறுவனத்தில் ஒரே டைப் ரேட்டிங்கில் (ஒரு விமான வகையை ஓட்டுவதற்கான தகுதிச் சான்று) இரண்டையும் ஓட்டுவீர்கள். அங்கே முதல் சிக்கல் பழக்கத்தால் வருவது. கையடக்க ஆக்சிஜன் பாட்டில், தீயணைப்பான், புகை முகமூடி ஆகியவை நேற்றைய விமானத்தில் இருந்த இடத்தில் இன்றைய விமானத்தில் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. உட்கார்ந்ததும் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

747-க்கு முன்பக்கம் மேலே புடைத்து நிற்கும் அந்தத் திமில் வந்ததே சரக்கால்தான். 1960-களில் இதை வடிவமைத்தபோது, பயணிகள் சேவையைச் சூப்பர்சானிக் விமானங்கள் எடுத்துக்கொள்ளும், 747 கடைசியில் சரக்குக்குப் போகும் என்று எதிர்பார்த்தார்கள். அதனால் மூக்கைத் திறந்து நீளமான சாமானை நேராக உள்ளே தள்ளும்படி காக்பிட்டை மேலே ஏற்றி வைத்தார்கள். இதில் விமானிக்கு ஒரு நன்மை இருக்கிறது. வேகமாகப் போய் எதிலாவது மோதி நின்றால், முன்னால் பாயும் சரக்கு நம் காலுக்குக் கீழே போகும். முதுகில் வந்து விழாது. 777 சரக்கு விமானத்தில் குழுவினர் சரக்கு நிற்கும் அதே தளத்தில் உட்காருகிறார்கள். அதனால் அங்கே 9 ஜி (புவியீர்ப்பைப் போல் ஒன்பது மடங்கு) விசை தாங்கும் கெட்டிச் சுவர் ஒன்று நடுவில் நிற்கிறது.

மாடியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு படுக்கை, சில இருக்கை, ஒரு அவன், ஒரு கழிப்பறை. நான்கு பேர் போகும் நீண்ட பறப்பில் இருவர் ஓட்ட, இருவர் படுக்கலாம். பணிப்பெண், பணியாளர் யாரும் கிடையாது. சாப்பாட்டை நாமே சூடாக்கி, நாமே பரிமாறி, நாமே துடைத்து வைக்க வேண்டும். கேப்டனும் முதல் அதிகாரியும் ஒரே வகைச் சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது என்ற விதி, கேட்டரிங்காரர் நான்கு தட்டிலும் ஒன்றையே வைத்து அனுப்பும் நாளில் அடிபடும். ஏறும்போதே மூடியைத் திறந்து பாருங்கள். போர்வை, காதடைப்பான், கண்மூடி மூன்றும் சொந்தமாக வைத்துக்கொள்வது நல்லது. காற்று மிகவும் வறண்டிருக்கும். பத்து மணி நேரத்தில் தொண்டை பிடித்துக்கொள்ளும்.

இனி எடைக் கணக்கு. காலி விமானம் ஏறக்குறைய 165 டன். ஏற்றக்கூடிய சரக்கு சுமார் 113 டன். புறப்படும்போது அதிகபட்ச எடை 396.9 டன். அப்படியானால் முழுச் சரக்கோடு எரிபொருளுக்கு மிஞ்சுவது 120 டன்னுக்குச் சற்றுக் குறைவு. நான்கு எஞ்சினும் சேர்ந்து மணிக்கு 10 முதல் 11 டன் குடிக்கும். கையிருப்பைக் கழித்துவிட்டால் ஒன்பது மணி நேரப் பறப்பு, 8,200 கிலோமீட்டர் சொச்சம். கிழக்காசியாவிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போகும் சரக்கு விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எண்ணெய் நிரப்புவது இதனால்தான். நிற்காமல் போக எரிபொருள் கூட்டினால் சரக்கைக் குறைக்க வேண்டும். சரக்கைக் குறைத்தால் வருமானம் போச்சு. ஆகவே இந்த வேலையில் சேருபவர் ஆங்கரேஜின் பனி, வழுக்கும் ஓடுபாதை, விமானத்தின் மீது பனி நீக்கும் திரவம் அடிக்கும் வரிசை எல்லாவற்றையும் நன்றாகப் பழகிவிடுவார்.

இதே கணக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. இறங்கும்போது அனுமதிக்கப்பட்ட எடை சுமார் 300 டன். முழு எடையில் கிளம்பியதும் திரும்பி வர நேர்ந்தால் கிட்டத்தட்ட நூறு டன் அதிகமாக இருக்கும். எரிபொருளைக் கொட்டும் வசதி இருக்கிறது, ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். எஞ்சின் கோளாறு என்றால் நிதானமாகக் கொட்டலாம். தீ என்றால் கொட்டிக்கொண்டு வட்டமடிக்கக் கூடாது. எடை எவ்வளவு இருந்தாலும் கிடைத்த ஓடுபாதையில் இறங்கிவிட வேண்டும். இந்த முடிவைப் புறப்படும் முன் நடக்கும் பேச்சிலேயே எடுத்துவைத்துக்கொள்ளும் கேப்டனோடு பறப்பது நிம்மதி.

சரக்கு ஏற்றுவதற்கு வருவோம். மெயின் டெக்கில் 30 இடங்கள். வழக்கமான பாலெட் 244-க்கு 318 சென்டிமீட்டர், சரக்கோடு சேர்த்து 6.8 டன் வரை. தரையில் பதித்த மோட்டார் உருளைகள் பாலெட்டை நகர்த்தும். இடத்துக்கு வந்ததும் லாக்குகளை எழுப்பிப் பூட்டுவார்கள். பின்பக்கவாட்டுக் கதவு வழியாக 3 மீட்டர் உயரச் சரக்கு நுழையும். மூக்குக் கதவு வழியாக 2.4 மீட்டருக்குச் சற்று மேல்தான், ஆனால் நீளத்துக்குத் தடையில்லை. குழாய், துளையிடும் கருவியின் தண்டு போன்றவை அதன் வழியாகத்தான் வரும். மாடிக்கு அடியில் கூரை தாழ்வு என்பதால் உயரமான பாலெட்டை அங்கே வைக்க முடியாது. அதைத் தெரியாமல் திட்டம் போட்டிருந்தால், புறப்படக் கால் மணி இருக்கும்போது பாதி விமானத்தைக் காலி செய்து மறுபடி அடுக்க வேண்டி வரும்.

சரக்கு ஏற்றுவதற்குப் பொறுப்பான லோட்மாஸ்டர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் விமானி ஒருவர் கடைசிவரை நடந்து பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியவை இவை. ஒவ்வொரு பாலெட்டின் முன்னும் பின்னும் லாக் முழுதாக எழும்பியிருக்கிறதா? பாதி எழும்பிய லாக் தூரத்திலிருந்து பார்த்தால் பூட்டியது போலவே தெரியும். காலால் தட்டிப் பார்த்தால்தான் தெரியும். லாக் உடைந்திருந்தால் அந்த இடத்தில் எவ்வளவு எடை வைக்கலாம் என்பதற்குக் கையேட்டில் தனி அட்டவணை உண்டு. வைத்திருக்கும் பாலெட் அதற்குள் அடங்குகிறதா? வலையைக் கையால் தள்ளினால் தொய்கிறதா? பாலெட்டின் எண்ணும் அது நிற்கும் இடமும் எடைக் கணக்குத் தாளான லோட்ஷீட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா?

கடைசிக் கேள்வியைத்தான் பலர் தவிர்க்கிறார்கள். மொத்த எடை சரியாக இருந்தால் போதும் என்ற நினைப்பு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னால் நிற்க வேண்டிய 6 டன் பாலெட்டும், 40 மீட்டர் பின்னால் நிற்க வேண்டிய 2 டன் பாலெட்டும் இடம் மாறிவிட்டன. மொத்த எடையில் ஒரு கிலோகூட மாறவில்லை. ஆனால் 390 டன் விமானத்தின் எடை மையம் 40 சென்டிமீட்டருக்கு மேல் பின்னால் போய்விடும். இறக்கையின் சராசரி அகலத்தில் அது சுமார் 5 சதவீதம். எடை மையத்துக்கு ஏற்ப வால் சிறகைச் சரிசெய்யும் டிரிம் தவறாக வைக்கப்படும். மூக்கைத் தூக்கும்போது விமானம் எதிர்பாராத வேகத்தில் எழும்பும். முன்சக்கரக் காலின் அழுத்தத்தை அளந்து, நாம் கொடுத்த எடை மையத்தோடு ஒப்பிட்டு எச்சரிக்கும் ஏற்பாடு இந்த விமானத்தில் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் தோராயமானது. அது பேசாமல் இருந்தால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1997 ஆகஸ்ட் 7 அன்று மயாமியில் ஃபைன் ஏர் நிறுவனத்தின் டிசி-8 சரக்கு விமானம் கிளம்பியதுமே விழுந்ததற்கு, சரக்கு தவறாக ஏற்றப்பட்டு அதனால் டிரிம்மும் தவறிப்போனதுதான் காரணம்.

பாலெட்டில் அடங்காத கனமான ஒற்றைச் சாமான் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். லாக்குகள் பாலெட்டைப் பிடிக்கும். பாலெட்டின் மேல் இருப்பதைப் பிடிக்காது. ஸ்ட்ராப் போட்டுத் தரைத் தண்டவாளத்தில் கட்ட வேண்டும். 2,268 கிலோ தாங்கும் ஸ்ட்ராப் என்று எழுதியிருப்பது நேராக இழுத்தால்தான். 45 டிகிரி சாய்வில் கட்டினால் முன்பின் இழுப்புக்கு அதில் 70 சதவீதம்தான் கிடைக்கும். பக்கவாட்டிலும் 45 டிகிரி திருப்பிக் கட்டினால் பாதி. இதைக் கணக்கில் எடுக்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2013 ஏப்ரல் 29 சாட்சி. ஆப்கானிஸ்தானின் பக்ராமிலிருந்து ஐந்து ராணுவக் கவச வண்டிகளோடு கிளம்பிய நேஷனல் ஏர்லைன்ஸின் 747-400 பி.சி.எஃப்., சில நொடிகளில் விழுந்தது. ஏழு பேரும் இறந்தார்கள். குறைந்தது ஒரு வண்டி கட்டறுந்து பின்னால் உருண்டு, இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளையும் கிடைமட்ட வால் சிறகை இயக்கும் பொறியையும் உடைத்துவிட்டது என்று அமெரிக்க விசாரணை அமைப்பு கண்டறிந்தது. எடை மையம் நகர்ந்ததால் மட்டும் விழுந்த விமானம் அல்ல அது. ஓட்டுவதற்கு உரிய பாகங்களே போய்விட்டன. சக்கரம் வைத்த எதுவும் ஏற்றப்படும் நாளில், ஸ்ட்ராப் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக எண்ணி முடித்தபின்தான் ஏணி ஏற வேண்டும் என்பது எங்கள் கருத்து.

தரையில் நிற்கும்போது இன்னொரு ஆபத்து, வால் குத்துவது. முன்பக்கச் சரக்கை முதலில் இறக்கினால் பின்பக்கம் கனத்து, மூக்கு மேலே எழும்பிவிடும். பின்னாலிருந்து இறக்கு, முன்னாலிருந்து ஏற்று என்பது பொது விதி. வாலுக்கு அடியில் தாங்கு தூணும் வைப்பார்கள். ஆனால் அந்தத் தூண் தவறு நடந்தால் தாங்குவதற்கு. தவறான வரிசையில் இறக்குவதற்கு அனுமதி அல்ல. இறக்கும் வேலை நடக்கும்போது மாடியில் இருப்பவருக்குத் தரை லேசாகச் சாய்வது தெரிந்தால், உடனே கீழே சொல்லி நிறுத்தச் சொல்ல வேண்டும்.

உயிருள்ள சரக்கு வரும் நாட்கள் தனி. குதிரை ஏற்றினால் முழு ஓடுபாதையையும் பயன்படுத்தி மெதுவாகக் கிளம்பி, தாழ்ந்த கோணத்தில் ஏறி, இறங்கும்போது பிரேக்கைக் குறைவாக வைக்க வேண்டும். நிலைதடுமாறிய குதிரை பயந்து உதைக்கத் தொடங்கினால் கூட வரும் பராமரிப்பாளரால் சமாளிக்க முடியாது. கோழிக்குஞ்சுக்கு ஒரு வெப்பநிலை, பூவுக்கு ஒன்று. டெக்கின் பகுதிகளுக்குத் தனித்தனியாக வெப்பம் வைக்கலாம் என்பதால் எது எங்கே நிற்கிறது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். விலங்குகளின் மூச்சு ஈரமும் காய்கறியின் ஈரமும் சேர்ந்தால் புகை உணர்வி பொய்யாக அலறுவதுண்டு. அதற்காக அடுத்த அலறலைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த வேலையில் மனதை அரிக்கும் விஷயம் இது ஒன்று.

உலர்பனிக்கட்டி ஏற்றியிருந்தால் அது ஆவியாகிக் கார்பன் டை ஆக்சைடாகப் பரவும். அது காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். மாடியில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஏணி இறங்கிக் கீழே போகிறவருக்குத்தான் தலைசுற்றும். அவர் தனியாகப் போகக் கூடாது, காற்றோட்டத்தை நிறுத்தி வைத்திருக்கக் கூடாது, விலங்குகளை அதன் பக்கத்தில் வைக்கவே கூடாது.

இப்போது தீ. இந்த விமானத்துக்கு மதிப்பெண் குறைக்க வேண்டிய இடம் இதுதான், குறை 747-க்கு மட்டும் உரியது அல்ல என்றாலும். வயிற்றுப் பகுதியில் தீயணைக்கும் ஹேலான் வாயு உண்டு. மெயின் டெக்கில் கிடையாது. அங்கே தீ பிடித்தால் செய்யக்கூடியது காற்றை நிறுத்துவதுதான். ஆக்சிஜன் முகமூடி போட்டுக்கொண்டு, சுவிட்சைத் தட்டி, உள்ளழுத்தத்தை வெளியேற்றி, 25,000 அடியில் பறந்து தீக்கு மூச்சுமுட்ட வைப்பது. சாதாரண அட்டைப்பெட்டித் தீ அதில் அடங்கலாம். லித்தியம் பேட்டரித் தீ தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். காற்றைக் குறைத்தால் போதாது.

2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யு.பி.எஸ். நிறுவனத்தின் 747-400 இப்படித்தான் போனது. முதல் தீ எச்சரிக்கை மணி அடித்ததிலிருந்து தரையில் மோதும் வரை அரை மணி நேரம்கூட இல்லை. புகையில் கருவிகள் தெரியவில்லை, கேப்டனின் ஆக்சிஜன் நின்றுபோனது, விமானிகள் இருவரும் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 28 அன்று ஏசியானாவின் 747-400 சரக்கு விமானம் தீப்பிடித்துக் கொரியாவின் ஜேஜு தீவுக்கு அப்பால் கடலில் விழுந்தது. அதன் பிறகு சில நிறுவனங்கள் முழு முக முகமூடியும், கண்ணுக்கும் கருவிக்கும் நடுவே விரியும் காற்றுப்பையும், தீயைத் தாங்கும் கொள்கலன்களும் வாங்கின. நேர்முகத் தேர்வில் சம்பளம் கேட்பதற்கு முன் இவை மூன்றும் இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

2016 ஏப்ரல் 1 முதல், தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயன் பேட்டரிகள் பயணிகள் விமானத்தில் சரக்காகப் போகக் கூடாது என்பது சர்வதேச விதி. ஆகவே அவை அனைத்தும் நம்மிடம்தான் வருகின்றன, 30 சதவீதத்துக்கு மேல் மின்னேற்றம் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. கேப்டனிடம் தரப்படும் அபாயப் பொருள் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் வகையையும் அளவையும் மட்டும் பார்த்தால் போதாது, இடத்தையும் பார்க்க வேண்டும். பட்டியலில் வராமல், பொம்மை என்றோ உதிரிப்பாகம் என்றோ பொய்யாக எழுதி அனுப்பப்படும் பேட்டரிதான் உண்மையான பயம். அதைக் கண்டுபிடிக்கும் வழி விமானியிடம் இல்லை. மணி அடித்தால், பக்கத்தில் எந்த ஓடுபாதை என்பது வரைபடத்தில் தேடாமலே தெரிந்திருக்க வேண்டும்.

வேலை நேரத்தைப் பொறுத்தவரை சரக்குத் தொழில் இரண்டு வகை. கூரியர் நிறுவனங்கள் மெம்பிஸ், லூயிவில், லைப்சிக் போன்ற மையங்களுக்கு இரவில் எல்லா விமானத்தையும் வரவழைத்து, பிரித்து, விடியும் முன் திருப்பி அனுப்பும். அங்கே நடு இரவில் இறங்கி, இரண்டு மூன்று மணி நேரம் ஓய்வறையில் கண்ணயர்ந்து, உடம்பு மிகவும் சோரும் அதிகாலை நேரத்தில் மறுபடி ஓட்ட வேண்டும். 747 அதிகம் இருப்பது இரண்டாவது வகையில். விமானத்தையும் விமானிகளையும் சேர்த்து வாடகைக்கு விடும் நிறுவனங்கள் அவை. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து வெளியே, பிறகு ஒன்றரை இரண்டு வாரம் வீட்டில். முதல் நாள் கொடுத்த அட்டவணை மூன்றாம் நாள் மாறியிருக்கும். கிழக்கே ஆறு மணி நேர வித்தியாசம், அடுத்து மேற்கே ஒன்பது. உடம்பு எந்த ஊர் நேரத்திலும் நிலைக்காது.

அமெரிக்காவில் 2014 ஜனவரி 4 முதல் பயணிகள் விமானிகளுக்கு நடைமுறைக்கு வந்த ஓய்வு விதியில், வேலை தொடங்கும் நேரத்தைப் பொறுத்துப் பணி நேரம் 9 முதல் 14 மணி வரை கட்டுப்படுத்தப்படுகிறது. சரக்கு விமானிகளுக்கு அந்த விதி கட்டாயமாக்கப்படவில்லை. இரவில் அதிகம் பறப்பவர்களையே அதிலிருந்து விலக்கியது தவறு என்று நாங்கள் உறுதியாக நினைக்கிறோம். 2013 ஆகஸ்ட் 14 அதிகாலை அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் இறங்கும்போது விழுந்த யு.பி.எஸ். ஏ300-இன் விசாரணையிலும் களைப்பு பேசப்பட்டது. எந்த நாட்டு விதியில் பறக்கப்போகிறோம் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பாருங்கள். களைப்பு என்று சொல்லிப் பறக்க மறுத்தவருக்கு அந்த நிறுவனத்தில் என்ன நடந்தது என்று ஏற்கெனவே வேலை செய்பவரிடம் விசாரியுங்கள்.

ஓட்டுவதில் குறை சொல்ல மனம் வரவில்லை. கண் மட்டம் தரையிலிருந்து 9 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. முன்சக்கரம் நமக்குப் பின்னால் இருப்பதால் திரும்பும்போது கோட்டைத் தாண்டிப் போனபின்தான் திருப்ப வேண்டும். 777-லிருந்து வருபவருக்கு அது சீக்கிரம் பழகும். உயரத்தின் காரணமாக வேகம் குறைவாகத் தெரியும், டாக்ஸி செய்யும்போது (தரையில் ஓட்டிச் செல்லும்போது) வேகக் கருவியைப் பார்க்கத் தவறக் கூடாது. கனமாக இருக்கும்போது காற்றில் அசையாத கப்பல். காலியாக இடம் மாற்றும்போது முற்றிலும் வேறு விமானம். முன்சக்கரத்தில் எடை குறைவு என்பதால் ஈர ஓடுபாதையில் திசை பிடிக்காமல் நழுவும், உந்துவிசையை மெதுவாகக் கூட்ட வேண்டும்.

777 சரக்கு விமானத்துக்கும் இதற்கும் இடையே தேர்வு கிடைத்தால்? 777 சுமார் 102 டன் ஏற்றி 9,200 கிலோமீட்டர் போகும். எஞ்சின் இரண்டு, எரிபொருள் குறைவு, ஏணி கிடையாது, நிறுவனங்களிடம் இன்னும் பல ஆண்டு இருக்கும். நாற்பது வயதுக்குள் இருப்பவர் தன் எதிர்காலத்துக்காக அதைத்தான் எடுக்க வேண்டும். 747 உற்பத்தியே முடிந்துவிட்டது; கடைசி 747-8எஃப் 2023 ஜனவரி 31 அன்று அட்லஸ் ஏர் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஓய்வுக்குச் சில ஆண்டுகளே உள்ளவர், சரக்குத் தொழிலை அதன் அடித்தளத்திலிருந்து கற்க நினைப்பவர், மூக்குக் கதவு வழியாக மட்டுமே போகக்கூடிய சாமான்கள் எங்கெல்லாம் போகின்றன என்று பார்க்க ஆசைப்படுபவர் 747-ஐ எடுக்கலாம். எடுத்தால், தொழிற்சாலையில் கட்டிய எஃப் வகை அதிகம் வைத்திருக்கும் நிறுவனமாகப் பாருங்கள். ஒவ்வொரு பறப்பிலும் லோட்மாஸ்டரைக் கூடவே அனுப்பும் நிறுவனமாக இருந்தால் இன்னும் நல்லது.